கேட்டால்தான் தீட்டு

அத்தியாயம் 14

நகராத ரயிலில் ஒரு குடும்பத்தை ஏற்றிவிட்டு, போன வாரம் நாம் மட்டும் இறங்கிக்கொண்டோம். அங்கே ஒரு ராத்திரி தங்குவதற்கான வாடகை எவ்வளவு என்று தமிழ்மாறன் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரெத்தினமும் இறங்கி நடந்தே ஊருக்குப் போயிருப்பார்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரெத்தினம் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தவர். இன்று சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று பயிர் வைக்கிறார். மனைவி அம்சம். மகள் பூவிழி கால்நடை மருத்துவர், வயது முப்பத்தொன்று. மகன் தமிழ்மாறனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை.

பூவிழிக்கும், மஸ்கட்டில் வேலை பார்க்கும் ராஜராஜனுக்கும் நிச்சயதார்த்தம் செய்ய இதற்குமுன் இரண்டு முறை நாள் குறித்தார்கள். முதல் தடவை மாப்பிள்ளையின் அப்பா பஞ்சநதத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் வந்தது. இரண்டாவது தடவை மாப்பிள்ளையின் அம்மா மங்களாம்பிகைக்கு உடன்பிறந்த அண்ணன் இறந்துபோனார்.

"உங்க வீடும் வேண்டாம், எங்க வீடும் வேண்டாம். பொதுவா ஒரு இடத்துல வச்சுக்கலாம். இந்தத் தடவையும் தடங்கல் வந்துச்சுன்னா, சாமிக்கே இஷ்டமில்லைன்னு எடுத்துக்குவேன்" என்று மங்களாம்பிகை முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பொது இடமாகத் தமிழ்மாறன் பிடித்ததுதான் இந்த ரிசார்ட். திருவிடைமருதூரைத் தாண்டி மயிலாடுதுறை போகிற வழியில், காவிரிக் கரையை ஒட்டிய தென்னந்தோப்பு. மீட்டர் கேஜ் காலத்தில் ஓடிக் களைத்த பெட்டிகளை எங்கிருந்தோ வாங்கிவந்து, தண்டவாளம் போட்டு நிறுத்தி, உள்ளே ஏசியும் மெத்தையும் வைத்து, வெளியே 'காவிரி ஜங்ஷன்' என்று மஞ்சள் பலகையும் நட்டிருக்கிறார்கள். பணியாட்களுக்குச் சிவப்புச் சட்டை. அறைச் சாவியோடு பழைய அட்டை டிக்கெட் ஒன்று தொங்கும். சாப்பாட்டு நேரம் வந்தால் ஸ்பீக்கரில் ரயில் கூவும்.

அதிகாரிகள் ஊர் சுற்றிய சலூன் பெட்டி மாப்பிள்ளை வீட்டுக்கு. முதல் வகுப்புப் பெட்டியில் வரிசையாக மூன்று அறை பெண் வீட்டுக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே ஏறியதும் அம்சம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளம்பிடாதுல்ல?"

"இஞ்சினே இல்லம்மா" என்றான் தமிழ்மாறன்.

"இஞ்சின் இல்லாமதான் நம்ம ஊர்ல பாதிப் பேரு ஓடிக்கிட்டிருக்கான்."

பூவிழி சிரித்தாள். அவள் மனசு விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ராஜராஜனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதிகம் பேசமாட்டான், பேசினால் கேட்கலாம் போலிருக்கும். செவ்வாய்க்கிழமை அவன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். அடுத்த லீவுக்கு ஒரு வருஷம் ஆகும். எல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தாக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் விடியலில்தான் போன் அடித்தது.

அடித்தது ரெத்தினத்தின் போன். ஆனால் அது தமிழ்மாறனின் அறையில் இருந்தது. அந்தப் பழைய போனுக்குப் பொருந்துகிற சார்ஜர் அவனிடம்தான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் எடுத்துப் பார்த்தவனுக்குத் திரையில் தெரிந்த பெயரை நம்ப முடியவில்லை. செம்மொழி என்று இருந்தது.

ரெத்தினத்தின் உடன்பிறந்த அண்ணன் கலியபெருமாளின் ஒரே மகள் அவள். பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பதின்மூன்று வருஷம் ஆகிறது. அவள் நம்பரை அப்பா அழிக்காமல் வைத்திருக்கிறார் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெட்டியின் நடைபாதை ஒடுக்கம். ஓர் ஆள் எதிரே வந்தால் இன்னோர் ஆள் சுவரோடு ஒட்ட வேண்டும். அடுத்த அறையில் இருமினால் இந்த அறையில் கேட்கும். தமிழ்மாறன் போனை எடுத்துக்கொண்டு கீழே பிளாட்பாரத்துக்கு இறங்கினான்.

"சித்தப்பா..."

"செம்மொழி, நான் மாறன்."

"மாறா, அப்பா போயிட்டாரு. நடுராத்திரிக்கு மேல. சித்தப்பாகிட்டப் போனைக் குடேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். அப்பாவின் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவர் இல்லை.

"அப்பா இங்க இல்ல. வெளியில போயிருக்காரு."

"வந்ததும் சொல்லு. அவரு வந்தாத்தான் எடுப்பாங்க. ஆம்பளப் புள்ள இல்லாத வீடு, தம்பிதான் கொள்ளி வைக்கணும்னு ஊர்ல சொல்லிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும் மாறா."

"சரி" என்றான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

பங்காளி வீட்டுச் சாவு என்றால் பதினாறு நாள் தீட்டு. நல்ல காரியத்தில் நிற்கக் கூடாது, தாம்பூலத் தட்டைத் தொடக் கூடாது. ஆனால் அதில் ஒரே ஒரு சலுகை உண்டு. சாவுச் செய்தி காதில் விழுந்த நிமிஷத்திலிருந்துதான் தீட்டு. கேட்காதவருக்கு இல்லை. இந்தச் சலுகையை யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை நம்பித்தான் எத்தனையோ கல்யாண வீடுகளில் போன்கள் அணைத்து வைக்கப்படுகின்றன.

தமிழ்மாறன் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தான். செய்தி தன் காதில் மட்டும்தான் விழுந்திருக்கிறது. தான் எதையும் தொடாமல் ஒதுங்கி நின்றுகொண்டால் போதும். அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அப்பா கையால் தட்டு மாறட்டும். மாறியதும் சொல்லிவிடலாம். காரில் போனால் உச்சி வெயில் இறங்குவதற்குள் ஊர். பெரியப்பா முகத்தை அப்பா பார்த்துவிடலாம். அக்கா கல்யாணமும் நிற்காது.

யாரையும் ஏமாற்றுவதாக அவனுக்குத் தோன்றவில்லை. பாரத்தை ஒருத்தனாகச் சுமப்பதாகத்தான் தோன்றியது. போனை அணைத்தான்.

சற்று நேரத்தில் தோப்பு வழியாக ரெத்தினம் வந்தார். தலை ஈரம், வேட்டி ஈரம். துண்டைப் பிழிந்து தோளில் போட்டிருந்தார்.

"எங்கப்பா போனீங்க?"

"ரோட்டுக்கு. டீ குடிக்க."

"டீ இங்கயே தருவாங்களே."

"ஏழு மணிக்கு மேலதான் தருவாங்களாம். அவ்வளவு நேரம் யாரு படுத்துக் கிடக்கிறது."

"தலை நனைஞ்சிருக்கு?"

"வாய்க்கால்ல ஒரு முழுக்குப் போட்டேன்."

ஜன்னலிலிருந்து அம்சம் எட்டிப் பார்த்தாள். "உள்ள சுடுதண்ணி கொட்டுது, இவருக்கு வாய்க்கா கேக்குது. பெரிய எடத்துக்கு வந்தாலும் புத்தி மாறுதா பாரு."

வழக்கமாக இதற்கு ரெத்தினத்திடம் ஒரு பதில் இருக்கும். இன்று இல்லை. படியில் கால் வைத்தவர் நின்று மகனைப் பார்த்தார்.

"என் போனு எங்க?"

"சார்ஜ் ஏறலப்பா. அணைஞ்சு கெடக்கு."

"கெடக்கட்டும்" என்றார். அதைக் கேட்டு அவருக்கு நிம்மதி ஏற்பட்டதைத் தமிழ்மாறன் கவனிக்கவில்லை. தன் நிம்மதியே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பூவிழி கவனித்தது வேறொன்றை. காலை உணவில் அப்பா ஓர் இட்லியைக் கூடப் பிட்டு வாயில் வைக்கவில்லை. கேட்டதற்கு, டீக்கடையில் வடை தின்றதாகச் சொன்னார். மகளுக்கு நிச்சயமாகிற நாளில் அப்பாவுக்கு ஒரு மாதிரி இருக்கத்தான் செய்யும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நிச்சயத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டியை ஒதுக்கியிருந்தார்கள். நீளம் உண்டு, அகலம் இல்லை. நடுவில் ஒரு ஒற்றை வழி, இரண்டு பக்கமும் மேஜை நாற்காலி. பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப் பக்கம், நெருங்கிய சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர். ஜமுக்காளம் விரித்துச் சம்மணம் போட இடமில்லை. மங்களாம்பிகைக்கு அது ஒரு குறைதான். ஆனாலும் பட்டுச் சேலை சரசரக்க அங்குமிங்கும் பார்த்துச் சிரித்தாள். இந்தத் தடவை நடந்துவிடும் என்று அவளுக்கே நம்பிக்கை வந்திருந்தது.

பூவிழி அரக்கு நிறப் பட்டில், தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே ராஜராஜன். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

பஞ்சநதம் தாம்பூலத் தட்டோடு எழுந்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், மேலே சேலை. ஆபரேஷன் ஆன உடம்பு, கை கொஞ்சம் நடுங்கியது. அந்த ஒற்றை வழியில் நின்று தட்டை நீட்டினார்.

"வாங்க சம்பந்தி. நல்ல நேரம் போயிட்டிருக்கு."

ரெத்தினம் எழுந்தார். எழுந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தம்பி, நீ போயி வாங்கு."

தமிழ்மாறன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். "நீங்க இருக்கும்போது நான் எப்படிப்பா?"

"தோள்பட்டை புடிச்சிருக்கு. கனம் தாங்காது. நீ வாங்கு."

"ரெண்டு அப்பாவும் மாத்திக்கிறதுதான்பா முறை."

"நான்தான் சொல்றேன்ல."

"வேண்டாம்பா. நீங்களே வாங்குங்க."

பஞ்சநதம் சிரித்தார். "அப்பனும் மகனும் இப்படி மரியாதை பண்ணிக்கிட்டே இருந்தா எனக்குக் கை வலிக்குது சம்பந்தி."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதும் தட்டு அதே இடத்தில்தான் இருந்தது.

வலி உள்ள மாடு எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. அந்த இடத்தில் தொடவிடாது, அவ்வளவுதான். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூவிழிக்கு அது தினசரி வேலை. அப்பாவின் கை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தம்பியின் கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இருவரில் ஒருவர் மட்டும் அப்படி நின்றிருந்தால் அவளுக்குத் தோன்றியிருக்காது. ஈரத் தலையும் தொடாத இட்லியும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

எழுந்து நின்றாள்.

"யாருப்பா?"

ரெத்தினம் அவளைப் பார்க்கவில்லை. "என்ன யாரு? உக்காரும்மா."

"யாரு செத்துப்போனது?"

அந்த நேரம் பார்த்துத்தானா ஸ்பீக்கரில் ரயில் கூவ வேண்டும். மதிய விருந்து தயாராகிறது என்று ஒரு பெண் குரல் இனிமையாக அறிவித்து முடிக்கிற வரை ஒருவரும் அசையவில்லை.

"யாருமில்ல" என்றார் ரெத்தினம்.

"மாறா, நீ சொல்லு. யாரு?"

தமிழ்மாறன் அப்பாவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருப்பதை ரெத்தினம் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"ஒனக்கு யாருடா சொன்னது?"

"செம்மொழி போன் பண்ணுச்சு. ஒங்களுக்கு யாருப்பா சொன்னாங்க?"

"டீக்கடையில. இழவு சொல்ல வண்டியில போனவன் என்னைப் பாத்துட்டு நின்னான். என்னைப் பாக்கவே இல்லன்னு சொல்லிடுன்னு அனுப்பிட்டேன்." ரெத்தினத்தின் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். நான் தொடாம ஒதுங்கிட்டா நீ சுத்தமா வாங்கிடுவேன்னு நெனச்சேன்டா."

"நானும் அதைத்தான்பா நெனச்சேன்."

அம்சத்துக்கு அப்போதுதான் விளங்கியது. "பெரியவரா?" என்றாள். ரெத்தினம் தலையசைத்ததும் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பஞ்சநதம் தட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டாள் பூவிழி.

"சாயங்காலத்துக்குள்ள" என்றான் தமிழ்மாறன். "அப்பா வந்து கொள்ளி வச்சாத்தான்னு இருக்காங்க. தட்டு மாத்துனதும் சொல்லிடலாம்னுதான்க்கா இருந்தேன்."

"நீங்கப்பா? நீங்க எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

ரெத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் சொல்றதாவே இல்ல. போனவன் போயிட்டான். பதிமூணு வருஷமாப் பேசாத ஆளு. இன்னிக்கி ஒருநாள் மூஞ்சியப் பாக்கலன்னா என்ன கொறஞ்சிடப் போவுது."

"நாளைக்குப் போனா எந்த மூஞ்சியப்பா பாப்பீங்க?"



அந்தப் பேச்சு நின்றதற்குக் காரணம் பூவிழிக்கு நன்றாகத் தெரியும். கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்த வருஷம், அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய நிலத்தில் தன் பங்கை ரெத்தினம் வெளியாளுக்கு விற்றார். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டிருந்தால் நானே முன்னால் நின்று ஏற்பாடு பண்ணியிருப்பேனே, கேட்காமல் விட்டானே என்பதுதான் கலியபெருமாளின் கோபம். அண்ணனிடம் போய்க் கை நீட்டுவதா என்பது ரெத்தினத்தின் வீம்பு. ரெத்தினத்திடம் இப்போது இருக்கிற வயலுக்கும் அண்ணன் வயலுக்கும் இன்றுவரை ஒரே மடை. மடையில் எதிரெதிரே நின்று தண்ணீர் வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி வந்தார்கள்.

"என் படிப்புக்காகப் பேச்சு நின்னுச்சு" என்றாள் பூவிழி. "இப்ப என் கல்யாணத்துக்காக மூஞ்சியும் பாக்காம விடணுமா? அப்படி என்னப்பா நான் பெரிய ஆளு?"

"பூவிழி." மங்களாம்பிகை எழுந்திருந்தாள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பூவிழிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இது மூணாவது தடவைம்மா. நான் அன்னிக்குச் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குங்க அத்தை."

"கோவத்துல சொல்லல. பயமா இருக்கு எனக்கு. ஒவ்வொரு நாள் குறிக்கும்போதும் ஒரு இடி விழுதுன்னா, கல்யாணம் முடிஞ்சா என் புள்ளைக்கு என்ன ஆகுமோன்னு நெனப்பு ஓடுது. பெத்தவ மனசு அப்படித்தான் போவும்."

"புரியுதுங்க அத்தை."

"புரிஞ்சுக்கிட்டுத்தான் எழுந்து நிக்கிறியா?"

பூவிழி அவளை நேராகப் பார்த்தாள். "உங்க அண்ணன் தவறினப்ப, நீங்க போயி அவர் முகத்தைப் பாத்தீங்கல்ல?"

மங்களாம்பிகை உட்கார்ந்துவிட்டாள்.

பூவிழி ராஜராஜனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. போயிட்டு வா என்றாலும் சரி, இரு என்றாலும் சரி. அவன் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அதிகம் பேசமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வலித்தது. தலையிலிருந்த பூவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"மாறா, வண்டியை எடு. அம்மா, வாங்க. அப்பா, செருப்பைப் போட்டுக்கிட்டு இறங்குங்க."

"ஒன் வாழ்க்கைம்மா" என்றார் ரெத்தினம்.

"இறங்குங்கப்பா."

அந்த ஒடுக்கமான வழியில் இறங்க வேண்டுமென்றால் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரையும் உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும். பூவிழி முன்னால் போனாள். யார் முகத்தையும் பார்க்காமல் போக அந்தப் பெட்டியில் வழியில்லை. பஞ்சநதம் மட்டும் ஒதுங்கி வழிவிட்டு, "பாத்துப் போங்க சம்பந்தி" என்றார்.

கார் தோப்பைத் தாண்டி ரோட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் குறுவை அறுத்த வயல்களில் வைக்கோல் கிடந்தது. அம்சம் தன் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் கலியபெருமாள் அவளுக்கு வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையலைப் பற்றி யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

திருவிடைமருதூர் தாண்டியதும் ரெத்தினம் வாய் திறந்தார்.

"டீக்கடையில அவன் சொன்னதும் எனக்கு மொதல்ல ஒன் நிச்சயம்தான்மா ஞாபகம் வந்துச்சு. அண்ணன் ஞாபகம் அப்புறம்தான் வந்துச்சு. என்ன மனுசன் நான்."

பூவிழி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வாய்க்கால்ல முழுவுனப்பதான் அழுவை வந்துச்சு. எந்திரிச்சு எந்திரிச்சு முழுவுனேன். கரையில ஆளு நடமாட்டம் இருந்துச்சு. தண்ணிக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?"

முன் சீட்டிலிருந்து பூவிழி கையைப் பின்னால் நீட்டி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்மாறன் சாலையைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டான். காலையில் தான் போட்ட திட்டத்தை நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பூவிழியின் மடியில் போன் அதிர்ந்தது. ராஜராஜன்.

"எடுக்கா" என்றான் தமிழ்மாறன்.

"இப்ப எடுத்தா அழுதுடுவேன். அப்புறம் அங்க யாரு இவங்களைத் தாங்குறது?"

போன் நின்றது. சற்று நேரத்தில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இதை எழுதுகிற எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிவதற்குமுன் உங்களுக்குச் சொல்வது நியாயமில்லை.

ஊருக்குள் நுழையும்போதே பறைச் சத்தம் கேட்டது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. காரைப் பார்த்ததும், "தம்பி வந்துட்டாரு, தம்பி வந்துட்டாரு" என்று நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். பறை நின்றது.

ஐஸ் பெட்டிக்குள் கலியபெருமாள் படுத்திருந்தார். கண்ணாடிமேல் ஆவி படிந்து முகம் சரியாகத் தெரியவில்லை. தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்த செம்மொழி நிமிர்ந்தாள். முதலில் அவள் பார்த்தது சித்தப்பாவை அல்ல. அவர் பின்னால் அரக்குப் பட்டில் வந்து நின்ற பூவிழியை.

"அக்கா, நிச்சயம் முடிஞ்சுதா?"

பூவிழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லையே. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"முடிஞ்சுதாக்கா?"

"இல்ல."

செம்மொழி தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் கெடுத்துட்டேன். நான்தான்."

பூவிழி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு அணைத்துக்கொண்டாள். செம்மொழி திக்கித் திக்கிச் சொன்னாள்.

"அப்பாவுக்குத் தெரியும்க்கா. ஒரே தெருவுல தெரியாம இருக்குமா? நாலஞ்சு நாளா மூச்சு வாங்கிக்கிட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னாலும் வரல. நேத்து சாயங்காலம் எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு. ஞாயித்துக்கெழம தம்பி மகளுக்கு நிச்சயம், அதுக்கு முந்தி எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இரு, சத்தம் போட்டு அழுவாத, தட்டு மாறுற வரைக்கும் தம்பி காதுல விழக் கூடாதுன்னாரு. நானும் சரின்னுதான் சொன்னேன். அவரு போனதும் என்னால முடியலக்கா. வீட்டுக்குள்ள நானும் அவரும் மட்டும். பயமா இருந்துச்சு. கதவைத் தொறந்து சத்தம் போட்டுட்டேன், ஊரே கூடிடுச்சு. விடிஞ்சதும் போனையும் எடுத்துட்டேன்."

அம்சம் வாய்விட்டு அழுதாள்.

ரெத்தினம் நின்ற இடத்திலேயே நின்றார். யாரோ இருவர் ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். கலியபெருமாளுக்குத் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. தினமும் மடையில் பார்த்த முகம்தான். இவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பதின்மூன்று வருஷமாகிறது.

ரெத்தினம் குனிந்தார். அண்ணனின் நெற்றியில் ஒட்டியிருந்த காசைச் சரியாக வைத்தார். கதறி விழுவார் என்று நினைத்துத் தமிழ்மாறன் பின்னால் வந்து தாங்கினாற்போல் நின்றான். அவர் கதறவில்லை. நேற்றும் பேசிவிட்டு இன்றும் வந்து பேசுகிறவர் போல, முறையிடுகிற குரலில் சொன்னார்.

"ஒம் பொண்ணும் ஒம் பேச்சக் கேக்கல, எம் பொண்ணும் எம் பேச்சக் கேக்கல அண்ணே."